பூந்தமல்லி கோர்ட்டும் தேதி போடாத சட்டமும்

பயங்கரவாத வழக்குகளுக்கென்று எங்கள் பூந்தமல்லியில் ஒரு தனி கோர்ட் இருக்கிறது. என் அப்பா அதைத் தடா கோர்ட் என்பார். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் பொடா கோர்ட். இப்போது என் மகன் டிவி செய்தி பார்த்துவிட்டு என்.ஐ.ஏ. கோர்ட் என்கிறான். தடாவும் பொடாவும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டங்கள், என்.ஐ.ஏ. என்பது அந்த வழக்குகளை விசாரிக்கிற தேசியப் புலனாய்வு முகமை. தாத்தா காலத்திலிருந்து பூந்தமல்லியில் இருக்கிற குடும்பம் எங்களுடையது. டெல்லியில் சட்டத்தின் பேர் மாறும்போதெல்லாம் எங்கள் ஊர் கோர்ட்டுக்கும் பேர் மாறிவிடுகிறது.

பயங்கரவாதத்துக்குக் கடுமையான சட்டமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இதே பெங்களூர் சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21 ராத்திரி ராஜீவ் காந்தியோடு பந்தோபஸ்துக்கு நின்ற காவலர்களும் செத்துப்போனார்கள். 1998-இல் கோவை பட்ட பாடும் நமக்குத் தெரியும். நான் கேட்பதெல்லாம், இப்படி ஒரு மசோதா சபைக்கு வரும்போது அது எத்தனை வருஷத்துக்கு என்று ஏன் யாரும் கேட்பதில்லை?

முன்பு கேட்டார்கள். தடா 1985-இல் வந்தபோது 2 வருஷத்துக்குத்தான். பிறகு இரண்டிரண்டு வருஷமாக நீட்டினார்கள். ஒவ்வொரு தடவையும் அரசு நாடாளுமன்றத்துக்கு வந்து நின்றாக வேண்டும். 1995 பிப்ரவரியில் தேசிய மனித உரிமை ஆணையத்தின் தலைவர் ரங்கநாத் மிஸ்ரா, இனி நீட்டிக்காதீர்கள் என்று எம்.பி.க்கள் எல்லாருக்கும் கடிதம் எழுதினார். அந்த மே மாதம் தடா காலாவதியானது. முடிகிற தேதி ஒன்று இருந்ததால்தான் அந்தக் கடிதத்துக்கே வேலை இருந்தது.

காலாவதியான சட்டமும் லேசில் விடாது. 1998 ஜனவரியில் எங்கள் ஊர் கோர்ட்டில் ராஜீவ் வழக்கில் 26 பேருக்கும் தூக்கு. மறுவருஷம் உச்ச நீதிமன்றம் தடா குற்றம் இதில் பொருந்தாது என்றது, 19 பேரை விடுவித்தது. ஆனால் தடாவின் கீழ் போலீஸ் அதிகாரி எழுதி வாங்கிய வாக்குமூலம் மட்டும் செல்லும் என்றது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

பொடாவும் 3 வருஷத்துக்குத்தான் வந்தது. 2001 அக்டோபரில் அவசரச் சட்டம். 2002 மார்ச்சில் மக்களவை மசோதாவை நிறைவேற்ற, மாநிலங்களவை தோற்கடித்தது. அரசு விடவில்லை. மார்ச் 26-இல் இரண்டு அவைகளையும் ஒன்றாக உட்கார வைத்து 425-க்கு 296 என்று வென்றது. சட்டம் நிறைவேற்ற அப்படிக் கூடியது அதற்கு முன் இரண்டே தடவைதான். திமுக, மதிமுக இரண்டும் அப்போது ஆளும் கூட்டணியில். பொடாவை ஆதரித்த வைகோவையே அந்த ஜூலையில் சென்னை விமான நிலையத்தில் பொடாவில் கைது செய்தார்கள். திருமங்கலத்தில் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று வழக்கு. வேலூர் சிறையிலிருந்து அவரை இங்கே கொண்டுவருகிற நாட்களில் டிரங்க் ரோடு முழுக்கக் கட்சிக்காரர்கள் நிற்பார்கள். ஓட்டுப் போட்ட கட்சியின் தலைவருக்கே 2004 பிப்ரவரி வரை வெளியே வர முடியவில்லை. பேர் தெரியாத ஒரு பையனின் அம்மா எந்தக் கதவைத் தட்டுவாள்?

2004-இல் பொடா ரத்தானது. ஆனால் அதில் ஒரு பகுதியைச் சத்தமில்லாமல் 1967-ஆம் வருஷத்துச் சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமான உபாவுக்குள் சேர்த்தார்கள். இன்னொரு பகுதி 2008-இல், மும்பை தாக்குதல் நடந்த மூன்றே வாரத்தில். டிசம்பர் 17 மக்களவை, 18 மாநிலங்களவை. குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை அவகாசம். போலீஸ் தரப்புக் காகிதங்களைப் பார்த்து முகாந்திரம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்றினால் ஜாமீன் கிடையாது. இந்த முறை முடிகிற தேதி மட்டும் இல்லை. இரண்டு நாளில் ஓடிவந்த அந்த விதியால்தான் இன்று வருஷக்கணக்கில் விசாரணைக் கைதியாகக் கிடக்கிறார்கள்.

2019-இல் உபாவைத் திருத்தி, அமைப்பை மட்டுமல்ல, தனி ஆளையும் விசாரணை இல்லாமலே பயங்கரவாதி என்று அரசு அறிவிக்கலாம் என்றார்கள். மக்களவையில் 287-க்கு 8. மாநிலங்களவையில் தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொன்ன தீர்மானம் 85-க்கு 104 என்று தோற்றது. ஒரு குழு உட்கார்ந்து வக்கீல்களையும் சிறையிலிருந்து வந்தவர்களையும் போலீஸ் அதிகாரிகளையும் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் நாட்டுக்கு என்ன ஆபத்து வந்திருக்கும்?

எங்கள் பகுதி திருவள்ளூர் மக்களவைத் தொகுதியில் வருகிறது. எங்கள் எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதி முடித்திருக்கிறேன். இரண்டே கோரிக்கை: உபாவின் ஜாமீன் விதிக்கு 3 வருஷக் கெடு போட்டு ஒரு தனிநபர் மசோதா கொண்டுவாருங்கள், இனி இப்படி எந்த மசோதா வந்தாலும் குழுவுக்கு அனுப்பாமல் கை தூக்காதீர்கள். நாளைக்குக் காலையில் பூந்தமல்லி தபால் ஆபீஸில் ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். கூடக் கையெழுத்துப் போட நினைக்கிற தொகுதிக்காரர்கள் இன்று ராத்திரிக்குள் உள்பெட்டியில் சொல்லுங்கள்.