அம்மா ஏன் தரையில படுத்தாங்கன்னு இப்பதான் புரியுது

ராத்திரி ரெண்டரைக்கு எந்திரிச்சு நைட்டிய மாத்திட்டு ஹால்ல உக்காந்து டைப் பண்றேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கங்க. இந்த வாரத்துல இது நாலாவது தடவ. கழுத்துக்குப் பின்னாடி குப்புன்னு ஒரு சூடு ஏறும், ரெண்டே நிமிஷத்துல தலையணை உறை நனைஞ்சிரும், அப்புறம் வேர்வை காயறப்ப குளிர் எடுக்கும். நான் ஃபேன அஞ்சுல வைப்பேன், வீட்டுக்காரர் போர்வைக்குள்ள இருந்து ரிமோட்ட அமுக்கி ரெண்டுக்குக் கொண்டுவருவார், சளி பிடிச்சுக்குமாம்.

எனக்கு 47. பீரியட்ஸ் ரெண்டு மாசம் மூணு மாசம்னு தள்ளித் தள்ளி வருது, மெனோபாஸ், அதாவது பீரியட்ஸ் நிக்கிற காலம், நெருங்குது. சூட்டு ஒடம்பு, வெந்தயம் ஊறவச்சுக் குடி, எண்ணெ தேச்சுக் குளின்னாங்க மாமியார். எல்லாம் பண்ணியாச்சு, தலைமுடி நல்லாருக்கு, வேர்வை மட்டும் போகல. மொதல்ல பாத்த டாக்டர் "இந்த வயசுல இப்படித்தாம்மா இருக்கும்"னு அனுப்பிட்டாங்க. ஏங்க, பல்லு வலின்னு போனா இப்படித்தான் இருக்கும்னு அனுப்புவாங்களா?

எங்கம்மா நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல கட்டில்ல படுத்ததே இல்ல. நடுராத்திரி தண்ணி குடிக்கப் போனா, சிவப்பு சிமெண்ட் தரைய ஈரத்துணி போட்டுத் தொடச்சிட்டு அதுல வெறுமனே படுத்திருப்பாங்க. நாங்க சிரிப்போம். போன வாரம் ஃபோன்ல கேட்டேன். "ஆறேழு வருஷம் இருந்துச்சுடி, உங்கப்பா கேட்டா புழுக்கம்னு சொல்லிருவேன்"னாங்க. மார்கழியிலயுமா புழுக்கம்?

ரெண்டாவதா பாத்த டாக்டர்தான் உக்கார வச்சுப் பேசினாங்க. ஈஸ்ட்ரோஜன்ங்கற பொம்பளைங்க ஹார்மோன் குறையறப்ப மூளையில ஒடம்புச் சூட்டப் பாத்துக்கிற இடம் தடுமாறுதாம், லேசா சூடு கூடினாலே ஏதோ தீப்பிடிச்ச மாதிரி வேர்வைய எறக்கி விட்ருதாம். தைராய்டு, சுகர் டெஸ்ட் எழுதிக் குடுத்தாங்க, சாயங்காலக் காய்ச்சலோ எடை குறையறதோ இருக்கான்னு கேட்டாங்க, ஏன்னா டிபியிலயும் ராத்திரி வேர்க்குமாம். ஹார்மோன் மாத்திரைன்னதும் எனக்கு பக்குன்னுச்சு. அதுனால மார்பகக் கேன்சர் அபாயம் கூடும்னு 2002ல ஒரு அமெரிக்க ஆய்வு வந்ததுல இருந்து அந்த பயம் ஒலகம் பூரா இருக்காம். ஆனா 60 வயசுக்குள்ள, பீரியட்ஸ் நின்னு 10 வருஷத்துக்குள்ள இருக்கிற ஆரோக்கியமான பொம்பளைங்களுக்குப் பொதுவா நன்மைதான் அதிகம்னு சொன்னாங்க. மார்பகக் கேன்சர் வந்தவங்க, ரத்தம் உறையற பிரச்சனை உள்ளவங்களுக்கு வேற வழி பாப்பாங்களாம், ஹார்மோன் இல்லாத மாத்திரையும் இருக்குங்கறாங்க. நான் இன்னும் முடிவு பண்ணல, டெஸ்ட் ரிசல்ட் திங்கக்கெழமை வருது.

அதுவரைக்கும் ஃபேன் ரிமோட் என் தலையணைக்கு அடியிலதான். அவருக்கு இன்னொரு போர்வை எடுத்து வச்சிட்டேன்.