பாரத்தில் மட்டும் அரசி

போன வாரம் பென்னாகரத்தில் அம்மாவுக்காக ஒரு விண்ணப்பம் போடப் போனேன். 'தொழில்' என்ற இடம் வந்ததும், கணினியில் இருந்த பையன் எங்களைக் கேட்காமலே 'இல்லத்தரசி' என்று தட்டிவிட்டான்.

அம்மா விடியற்காலையில் எழுந்து மல்பெரி தழை அறுத்து, பட்டுப்புழுவுக்குப் போட்டு, மாடு கறந்துவிட்டு அப்புறம்தான் அடுப்புப் பக்கம் போவார். கூடு விளைந்ததும் தருமபுரி அங்காடிக்கு ஏலத்துக்குக் கொண்டுபோவது அப்பா. பணமும் அப்பா கையில்தான். இதில் அரசி எங்கே இருக்கிறார்?

நம்மூரில் ஒருத்தியை நேராக 'மகாராணி' என்று கூப்பிடுவது, அவள் காலையில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கிவிட்டால்தான். "மகாராணி எழுந்தாச்சா?"

தேன்கூட்டிலும் இதே கதை. ராணித் தேனீ யாரையும் ஆள்வதில்லை. இத்தாலியத் தேனீ என்றால் நல்ல பருவத்தில் நாளுக்கு 1,500 முட்டை வரை இடும். முட்டை குறைந்தால் வேலைக்காரத் தேனீக்களே புது ராணியை வளர்த்துப் பழையதைக் கழித்துக்கட்டிவிடும். கேரமில் ராணியை நாம் ராணி என்றுகூடச் சொல்வதில்லை, ரெட்டு. அதுவும் அடுத்து ஒரு காயை ஃபாலோவாகப் போடாவிட்டால் திரும்பப் பலகைக்கே வந்துவிடும்.

சதுரங்க ராணி மட்டும்தான் நிஜமாகவே பலசாலி. என் தாத்தா அதை மந்திரி என்பார். நம் பக்கத்துப் பழைய பெயர் அதுதான். ஒரு காலத்தில் குறுக்காக ஒரே ஒரு கட்டம் நகர்ந்த சோப்ளாங்கிக் காய் அது. ஐரோப்பாவில் சுமார் 1000-ஆம் ஆண்டு வாக்கிலேயே அதற்கு ராணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைய பலம் வந்ததோ 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில். பட்டம் கொடுத்து, அதிகாரம் கொடுக்க ஐந்நூறு வருடம்!

எனக்கு 'அரசி'யைவிட 'குடும்பத் தலைவி' தேவலை. 2023 ஜூலை 24-ஆம் தேதி நம்ம தொப்பூரில்தான் குடும்பத் தலைவிகளுக்கான மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்ப முகாமை முதல்வர் தொடங்கிவைத்தார். மாதம் 1,000 ரூபாய் பெரிய தொகை இல்லைதான். ஆனால் அம்மா அந்த ஆயிரத்துக்கு மட்டும் வீட்டில் யாருக்கும் கணக்குச் சொல்வதில்லை.

சரி, விண்ணப்பத்துக்கு வருகிறேன். "இல்லத்தரசியை எடுத்துட்டு விவசாயின்னு போடுப்பா" என்றேன்.

"போடலாம் சார். பட்டா யார் பேர்ல இருக்கு?"

அம்மா என்னைப் பார்த்தார். பட்டா அப்பா பேரில்.