கெட்டிமேளத்துக்கு இடம் ஒதுக்குங்கள்: லண்டன் கல்யாணங்களில் நாதஸ்வரமும் தவிலும்

லண்டனில் ஒரு தமிழ்க் கல்யாணத்துக்கு மண்டபம், மணவறை அலங்காரம், கமரா எல்லாம் மாதக்கணக்கில் முன்கூட்டியே முடிவாகிவிடும். மேளம் எங்கே உட்காரும் என்ற கேள்வி பெரும்பாலும் கல்யாணத்தன்று காலையில்தான் எழுகிறது. அதற்குள் மேடையின் இரு பக்கமும் பூத்தூண்களும் ஒலிபெருக்கிகளும் நின்றுவிடும். மேளக்காரரைக் கதவோரம் அனுப்பிவிடுவார்கள். அங்கே உட்கார்ந்தால் ஐயரின் முகம் தெரியாது. இதில் மரியாதைக் குறைவு இருக்கிறது, அதைச் சொல்லத்தான் வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அங்கிருந்து ஒரு கல்யாணத்துக்குச் சரியாக வாசிக்க முடியாது என்பது.

மாலை மாற்றும்போது, கன்னிகாதானத்தில், கூறை கொடுக்கும்போது, தாலி கட்டும்போது என்று மேளம் சடங்கோடு கூடவே நடக்கிறது. தும்மல், அழுகை, வேண்டாத வார்த்தை எதுவும் தாலி ஏறும் கணத்தில் காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளம் முழங்குகிறது. அதற்கு ஐயரின் கை அசைவைத் தவில்காரர் நேரில் பார்க்க வேண்டும். மணவறைக்குப் பக்கவாட்டில், ஐயரை நேரே பார்க்கும் கோணத்தில், 2 நாதஸ்வரம் 2 தவில் என்றால் குறைந்தது 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடம் தேவை. உயரம் குறைந்த மேடையும் விரிப்பும் போட்டால் இன்னும் நல்லது. அலங்காரக்காரருக்கு முற்பணம் கொடுக்கும் நாளிலேயே இந்த இடத்தை வரைபடத்தில் குறித்துவிடுங்கள்.

வாசிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: சடங்கு தொடங்குமுன் ஐயரோடு ஐந்து நிமிடம் பேசுங்கள். எந்தெந்த இடத்தில் கெட்டிமேளம், சைகை கையாலா குரலாலா, தாலியைச் சபைக்குக் காட்டி ஆசி வாங்கும்போது என்ன வாசிப்பது, எல்லாம் அப்போதே தீர்மானமாக வேண்டும். கமராக்காரரையும் அந்தப் பேச்சில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐயர் சைகை காட்டிய பிறகு கமராக்காரர் “கொஞ்சம் அப்படியே பிடியுங்கள்” என்று மாப்பிள்ளையை நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. உச்ச வேகத்தில் போகும் தவிலை நீண்ட நேரம் அப்படியே இழுக்க முடியாது. கை சோர்ந்து வேகம் இறங்கும் நேரத்தில்தான் முடிச்சு விழும். படம் எடுக்க நிறுத்துவதாக இருந்தால் சைகைக்கு முன்பே நிறுத்தட்டும்.

அடுத்தது லிமிட்டர். இங்கே பல மண்டபங்களில் அயலவர்களுக்காக ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் இந்தக் கருவி இருக்கிறது. சுவரிலோ கூரையிலோ உள்ள சிறிய மைக் சத்தத்தை அளக்கும். குறித்த டெசிபலைத் தாண்டிச் சில நொடிகள் நீடித்தால் மேடைப்பக்க பிளக்குகளுக்கு மின்சாரம் நின்றுவிடும். தவிலுக்கு மின்சாரமே வேண்டாமே என்று நினைக்காதீர்கள். தவில் முழக்கத்தையும் டிஜேயின் பாட்டையும் அந்த மைக் பிரித்துப் பார்ப்பதில்லை. கெட்டிமேளத்தின் நடுவே ஐயரின் மைக்கும் மின்சாரச் சுருதிப் பெட்டியும் ஒன்றாக நின்றுவிடும். மண்டபத்துக்குக் கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை: லிமிட்டர் இருக்கிறதா, எத்தனை டெசிபலில் வெட்டும், அதன் மைக் எங்கே இருக்கிறது, பகல் சடங்குக்கு அளவை உயர்த்தித் தருவார்களா, அதில் சேராத பிளக் ஏதாவது உண்டா. மேளத்தை அந்த மைக்கிலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள். சுருதிப் பெட்டி பட்டரியில் ஓடட்டும். சாதாரண மண்டபத்தில் நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் மைக் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. திறந்த வெளிக்கும் கோயில் வீதிக்கும் பிறந்த வாத்தியங்கள் அவை. அவற்றை மூடிய மண்டபத்தில் ஒலிபெருக்கியில் விடுவதால்தான் “மேளச் சத்தம் தாங்க முடியவில்லை” என்ற பேச்சே வருகிறது. கைக்குழந்தையோடு வருபவர்களை மேளத்துக்கு நேர் முன்னால் உட்கார வைக்காதீர்கள்.

குளிர்காலக் கல்யாணத்தில் சுருதி சேர்ப்பதே ஒரு தனிப் பாடு. மாப்பிள்ளை அழைப்பு 5 பாகைக் குளிரில் வாகனத் தரிப்பிடத்தில் நடக்கும், சடங்கு 21 பாகைச் சூட்டில் உள்ளே நடக்கும். வெப்பம் ஒரு பாகை குறைந்தால் காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறைகிறது. அதோடு குழலின் சுருதியும் இறங்கும்; 16 பாகை வித்தியாசத்துக்குக் கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட அரைச் சுரத்தில் பாதி. மூச்சின் சூடு ஓரளவு ஈடுகட்டும், முழுதாக அல்ல. சுருதிப் பெட்டி மட்டும் அசையாமல் நிற்கும். எனவே வெளியே வாசிக்கக் கொஞ்சம் குட்டையான கெண்டை (சீவாளி எனும் நாணல் ஊதுவாயைப் பொருத்தும் சிறு உலோகக் குழாய்) ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே வந்ததும் பத்து நிமிடம் குழல் சூடேறட்டும், பிறகு சீவாளியை நகர்த்திச் சேருங்கள்.

ஹீட்டர் ஓடும் மண்டபத்தின் வறண்ட காற்றில் சீவாளி சீக்கிரம் காய்ந்து வாய் மூடிக்கொள்ளும். வாசித்துப் பழகிய சீவாளி குறைந்தது நான்கைந்து கையில் இருக்க வேண்டும். கல்யாணத்தன்று புதுச் சீவாளியைத் தொடாதீர்கள். தவிலின் தோல் அதே வறட்சியில் இறுகிக் குரல் ஏறும், வெளி ஈரத்தில் தளரும். காரில் இரவு முழுக்க விட்டுவிட்டுக் காலையில் ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் தோல் கிழியக்கூடும். தவில் வாசிக்க விரலில் மாட்டும் கூடுகளை முதல் நாளே செய்து உலர்த்திவிடுங்கள். இந்த ஊர் ஈரத்தில் அவை காய நேரமெடுக்கும்.

மணமக்கள் நுழையும்போது சினிமாப் பாட்டுக்கு டிராக் போட்டு நாதஸ்வரம் வாசிக்கச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. செய்யலாம். ஆனால் டிராக்கை நாதஸ்வரத்தின் கட்டைக்கு, அதாவது அதன் சுருதி அளவுக்கு, மாற்றித் தர வேண்டும். வாசிப்பவரின் குழல் இரண்டரைக் கட்டை என்றால் டிராக்கின் ஆதார சுருதி டி ஷார்ப்பில் இருக்க வேண்டும். இரண்டு வாரம் முன்பே பாட்டைக் கொடுங்கள்.

மணமகள் கூறை மாற்றப் போகும் இடைவெளியை டிஜேயிடம் விட்டுவிடாதீர்கள். அரை மணி நேரம்கூட ஆகும். ஒரு ராகத்தை விரித்து, ஒரு கீர்த்தனையும் தனி ஆவர்த்தனமும் வாசிக்க அன்று முழுவதிலும் கிடைக்கும் ஒரே நேரம் அது. வாசிப்பவர்களும் அதை மெட்டுத் துணுக்குகளால் நிரப்பாமல் ஒரு கல்யாணியையோ காம்போதியையோ எடுத்துக்கொள்ள வேண்டும்.

பணமும் விசாவும் பேசியே ஆக வேண்டியவை. மாணவர் விசாவில் இருப்பவர் இங்கே சுயதொழில் செய்ய முடியாது, இசைக் கலைஞராகக் கட்டணம் வாங்கி வாசிக்கவும் முடியாது. “கையில்தானே தருகிறோம்” என்று அந்தப் பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள். பிடிபட்டால் படிப்பே போய்விடும். ஊரிலிருந்து பார்வையாளர் விசாவில் வரும் வித்துவானுக்குக் குடும்பத்தின் அழைப்புக் கடிதம் போதாது. பிரித்தானியக் கலை நிறுவனமோ முகவரோ ஒலிபரப்பு நிறுவனமோ அழைத்திருக்க வேண்டும், நிகழ்ச்சி பயணத்துக்கு முன்பே ஒழுங்காகியிருக்க வேண்டும், வந்து 30 நாளுக்குள் வாசித்து முடிக்க வேண்டும். அவருடைய பழைய நாதஸ்வரத்தில் தொங்கும் ஊசியோ வட்டமோ யானைத் தந்தம் என்றால் அதைக் கழற்றி ஊரிலேயே வைத்துவிட்டு வரட்டும். அனுமதிப் பத்திரம் இல்லாமல் தந்தம் கொண்டுவந்தால் சுங்கத்தில் பறிமுதல் செய்வார்கள்.

கட்டணத்தை மணிக்கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்: வரும் நேரம், முடியும் நேரம், தாமதமானால் மேலதிகம், வாகனத் தரிப்பிடச் செலவு யாருடையது. மாப்பிள்ளை அழைப்பிலிருந்து ஆசீர்வாதம் வரை நான்கைந்து மணி நேரம் ஊதுகிற வேலை இது. முகூர்த்தத்துக்கு முன்பே அவர்களுக்குச் சாப்பாடு கொடுங்கள், ஆனால் வாசிப்பதற்கு ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டு. வயிறு நிறைந்தவுடன் நாதஸ்வரம் ஊத முடியாது. மேளக்காரர் பந்தியில் கடைசியாகத்தான் உட்கார வேண்டும் என்ற பழைய வழக்கத்தை விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவரத் தேவையில்லை.