உப்புத் தண்ணீர் கொடுத்தால் மோட்டார் நியூரான் நோய் சரியாகுமா?

"மோட்டார் நியூரான் நோயில் கை கால் தளர்வதற்குக் காரணம் சோடியம் குறைவதுதான், தினமும் உப்புத் தண்ணீர் கொடுங்கள், எழுந்து நடப்பார்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு.

இந்த நோயில் அழிவது தசைகளை இயக்கும் நரம்பணுக்கள். உப்பு அவற்றை மீட்காது. ஆனால் இந்த நோயாளிகள் சிலருக்குச் சோடியம் குறைவது உண்மைதான். வதந்தி பிழைப்பதே இந்த அரை உண்மையில்தான். ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் (அளவு அலகு) இருக்க வேண்டும். நுரையீரல் தொற்று, மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள், நீர் பிரிய வைக்கும் சில மாத்திரைகள், வயிற்றுக்கு உணவு செலுத்தும் குழாயில் அளவுக்கு மீறி ஊற்றும் தண்ணீர் என எதுவும் அதைக் குறைக்கலாம். பல நேரம் உப்புப் போதாமல் அல்ல, உடலில் நீர் தங்குவதால்தான் சோடியம் நீர்த்துப்போகிறது. அப்போது தண்ணீரைக் குறைப்பதே சிகிச்சை! நாள்பட்ட குறைவை அவசரமாக ஏற்றினால் மூளைத்தண்டு பாதிக்கப்படலாம். அதனால்தான் 24 மணி நேரத்தில் 8 முதல் 10 மில்லிமோலுக்கு மேல் உயராமல் மருத்துவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்கு உப்புத் தண்ணீர் கொடுத்தால் புரையேறும் ஆபத்து வேறு.

சந்தேகமா? ரத்த, சிறுநீர் சோடியம் பரிசோதனை சொல்லிவிடும். மாத்திரைச் சீட்டோடு நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். திடீர்க் குழப்பமோ வலிப்போ வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.