நிலையான ஆட்சி என்று பாடம் எடுப்பவர்களுக்கு

நேற்று ஜப்பான் அரசியல் பற்றிய ஒரு பதிவின் கீழே நடந்த கூத்தைச் சிலர் பார்த்திருப்பீர்கள். "ஜப்பானியர்கள் ஒழுக்கமானவர்கள், அதனால்தான் 1955-இலிருந்து ஒரே கட்சியை நம்புகிறார்கள்" என்று அண்ணன் ஒருவர் பாடம் எடுத்தார். ஒரு வாரம் டோக்கியோ சுற்றிப் பார்த்தவர். செர்ரிப்பூப் படங்கள் நன்றாகவே இருந்தன.

நம்பிக்கையாம்! 2012 கீழவைத் தேர்தலில், ஒருவர் மட்டுமே வெல்லும் தொகுதிகளில் அந்த ஒரே கட்சி, அதாவது லிபரல் ஜனநாயகக் கட்சி, வாங்கிய வாக்கு 43 சதவீதம். பிடித்த இடங்கள் 300-இல் 237. எதிரணி சிதறி நின்றது, இவர்கள் அள்ளிக்கொண்டார்கள். வாக்களிக்க வந்ததே பத்தில் ஆறு பேர்தான்.

நிலையான ஆட்சி என்பது அடுத்த பாட்டு. 2006-இல் பிரதமர் கொய்சுமி விலகியபின் மூன்றே ஆண்டுகளில் அபே, ஃபுகுடா, அசோ என்று மூன்று பிரதமர்கள். மூவரும் அதே கட்சி. அபேயும் அசோவும் முன்னாள் பிரதமர்களின் பேரன்கள், ஃபுகுடா முன்னாள் பிரதமரின் மகன். 2009-இல் இவர்களை வீழ்த்திய எதிர்க்கட்சித் தலைவர் ஹடோயாமாவாவது வேறு ஆளா என்றால், அவர் இதே கட்சியின் முதல் தலைவருடைய பேரன்! இங்கே ஜப்பானில் வாக்குச்சீட்டில் வேட்பாளர் பெயரைப் பென்சிலால் வாக்காளரே எழுத வேண்டும். தாத்தா காலத்துப் பெயர் என்றால் கை தானாக எழுதிவிடும். இதைத்தான் நம்பிக்கை என்கிறார் அண்ணன்.

"2009-இல் வந்தவர்கள் மட்டும் என்ன கிழித்தார்கள்?" என்பீர்கள். ஒகினாவா தீவிலுள்ள ஃபுடென்மா என்ற அமெரிக்க ராணுவத் தளத்தை அந்தத் தீவை விட்டே அகற்றுவோம் என்றார்கள், முடியவில்லை. சரி, போகட்டும். லிபரல் ஜனநாயகக் கட்சியினர் நிதி திரட்டும் விருந்துகளுக்கு டிக்கெட் விற்ற பணத்தைக் கணக்கில் காட்டாத விவகாரம் வெடித்து, 2024-இல் ஆளுங்கூட்டணிக்குக் கீழவைப் பெரும்பான்மையே பறிபோனதே, அப்போது அந்த நம்பிக்கை எங்கே போயிருந்தது?

"உங்களுக்கு ஓட்டே இல்லை, எதற்கு இந்த வம்பு?" என்று ஒரு நண்பர். ஆமாம், நண்பர்தான். இங்கே வாழ்கிற வெளிநாட்டுக்காரருக்கு ஓட்டு இல்லைதான். நிரந்தர வசிப்புரிமை வாங்கினாலும் கிடையாது. ஆனால் வருமான வரி, குடியிருப்பு வரி, கடையில் எதை எடுத்தாலும் நுகர்வு வரி. இவற்றை வாங்கும்போது மட்டும் யாரும் என் பாஸ்போர்ட்டைக் கேட்பதில்லை.

போன தேர்தலின்போது எங்கள் ரயில் நிலைய வாசலில், வெள்ளைக் கையுறையும் தோளில் பெயர்ப்பட்டையுமாக ஒரு வேட்பாளர் போவோர் வருவோரையெல்லாம் குனிந்து வணங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பெண் துண்டுப் பிரசுரம் கொடுத்தார். எனக்கு முன்னால் போனவருக்குக் கொடுத்தார். என் முகத்தைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டு, பின்னால் வந்தவரிடம் நீட்டினார். எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன், ஆளுங்கட்சி இல்லை. நின்று, கேட்டு வாங்கினேன். நுகர்வு வரியைக் குறைப்போம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நானும் கட்டுகிற வரிதானே ஐயா அது!