மச்சானின் பீரும் என் வீட்டு மாவும்

அமெரிக்காவில் ஒஹையோவில் இருக்கிற என் மச்சான், இரவு பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு பார்லி மால்ட், அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி, ஊறவைக்கிறான். வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவன். ஆபீஸ், மகளின் நீச்சல் வகுப்பு, தோட்டத்தில் புல் வெட்டுவது எல்லாவற்றுக்கும் நடுவில் இருபது லிட்டர். "கடையில் கிடைக்காததா மச்சான்?" என்று போனில் கேட்டேன். "நீங்கள் இட்லி மாவை பாக்கெட்டில்தானே வாங்குகிறீர்கள் மாப்பிள்ளை?" என்றான். ஒரு வாரம் அவனுக்கு நான் போன் போடவில்லை.

அங்கே சட்டம் இடம் கொடுக்கிறது. 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டப்படி, வயது வந்த இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 கேலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை வரியில்லாமல் காய்ச்சலாம், விற்கக் கூடாது. நமக்கு 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது. ஆகவே மதுரையில் யாரும் அண்டாவைத் தேட வேண்டாம். எனக்குப் பிடித்தது அவன் நேரத்தைப் பிரித்துக்கொள்ளும் விதம்.

ஒரே மூச்சில் காய்ச்சினால் ஐந்தாறு மணி நேரம் போய்விடும். அவன் அதை மூன்றாக உடைத்துவிட்டான். இரவு பத்து மணிக்கு 66 டிகிரி வெந்நீரில் மால்ட்டைக் கொட்டி, மூடி, மேலே கம்பளியைச் சுற்றிவிட்டுப் படுக்கிறான். அதிலுள்ள மாவுச்சத்து விடிவதற்குள் சர்க்கரையாகிவிடும். ஐந்து மணிக்கு எழுந்து வடிகட்டி, கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் பூக்களைப் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வைக்கிறான். கொதி வரும்போது பால் போலப் பொங்கும், அந்த ஐந்து நிமிடம் மட்டும் கரண்டியோடு பக்கத்தில் நிற்க வேண்டுமாம். பிறகு சூட்டோடு கேனில் ஊற்றி இறுக மூடிவிட்டு ஆபீஸ். மாலையில் ஆறியிருந்தால் நொதிக்க வைக்கும் ஈஸ்ட்டைப் போடுவான், ஆறவில்லையென்றால் மறுநாள். பாத்திரம் கழுவுவதுதான் பெரிய வேலை என்கிறான். நம்புகிறேன்.

ஒருமுறை வெளியூர்ப் பயண அவசரத்தில், நொதித்து முடிந்ததா என்று சர்க்கரை அளவைக் காட்டும் மானியை வைத்துப் பார்க்காமலே ஒன்பதாம் நாள் பாட்டிலில் அடைத்துவிட்டான். உள்ளே மீதமிருந்த சர்க்கரையோடு, நுரைக்காக இவன் போட்ட சர்க்கரையும் சேர்ந்து வாயு அளவுக்கு மீறிவிட்டது. நள்ளிரவில் அலமாரிக்குள் இரண்டு பாட்டில்கள் வெடித்தன. துப்பாக்கிச் சூடு என்று நினைத்து அவன் மனைவி பிள்ளைகளை அள்ளிக்கொண்டு கீழே ஓடியிருக்கிறாள். கை வேலையை எத்தனை துண்டாகவும் போடலாம், ஈஸ்டின் வேலையில் ஒரு நாளைக்கூடக் குறைக்க முடியாது என்று அன்றைக்குத்தான் அவனுக்குப் புரிந்ததாம்.

எனக்குப் புரிந்தது அழகர் ஆற்றில் இறங்கிய அன்று. ரோஷம் வந்து வீட்டில் மாவு ஆட்டத் தொடங்கியிருந்தேன். விளக்குத்தூண் பக்கம் துணிக்கடை; அடைத்துவிட்டு வர இரவு ஒன்பதரை ஆகும். காலையில் ஊறப்போட்ட அரிசி சித்திரை வெயிலில் இரவுக்குள் வாடை அடித்தது. அதன் பிறகு ஃபிரிஜ்ஜில் ஊறவைத்தேன். உளுந்தை மனைவி பள்ளியிலிருந்து வந்ததும் நனைத்துவிடுவாள். எல்லாம் சரியாகத்தான் ஓடியது. விருந்தாளிகளுக்காக இரண்டு மடங்கு ஆட்டி வைத்துவிட்டு, விடியுமுன் எல்லோரும் வைகைக்குப் போய்விட்டோம். கூட்டத்தில் சிக்கித் திரும்பும்போது மணி பன்னிரண்டு. மாவு தூக்குவாளியின் மூடியைத் தள்ளிவிட்டு, மேடையில் வழிந்து, கேஸ் அடுப்புக்கு அடியில் போய்க் காய்ந்திருந்தது. மிச்சத்தில் வெங்காயத்தை அள்ளிப்போட்டு ஊத்தப்பம் சுட்டோம். புளிப்பைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை; அவ்வளவு பசி.

அம்மா இருந்தவரை மாவுக்கு நேரமிருக்கிறதா என்ற கேள்வியே வீட்டில் எழுந்ததில்லை. அவருடைய நேரத்தை நாங்கள் யாரும் கணக்கில் வைக்கவில்லை. இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் நான் ஆட்டுகிறேன். கையைப் பிடிக்கிற வேலை முக்கால் மணி நேரம், கிரைண்டர் கழுவுவது உட்பட. பாக்கெட் வாங்க வரிசையில் நின்ற நேரத்தையும் நான் மறக்கவில்லை.

மச்சான் மார்கழியில் வருகிறான். வந்து இறங்கியதும் என் கையால் ஆட்டிய மாவில்தான் இட்லி வேண்டுமாம். அந்தக் குளிரில் மாவு பொங்கவே மறுநாள் காலை தாண்டிவிடும், விமானம் எத்தனை மணிக்கு என்று இப்போதே சொல் என்றேன். டிக்கெட் இன்னும் போடவில்லையாம். முதல் வேளைக்கு அவனுக்குப் பாக்கெட் மாவுதான்.