ரம்பம் கட்டிய கப்பல்

நேற்று ராத்திரி ஒரு ஓவியத்தைப் போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். நெதர்லாந்தின் ஹார்லெம் நகரத்தில், ஃப்ரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொர்னேலிஸ் வான் வீரிங்கன் 1620களில் வரைந்த ‘டாமியெட்டாவைக் கைப்பற்றுதல்’. டாமியெட்டா எகிப்தில், நைல் முகத்துவாரத்தில் இருக்கும் ஊர். ஓவியத்தில் அந்த முகத்துவாரத்தை மறித்து ஒரு இரும்புச் சங்கிலி. பாய் புடைக்க ஒரு கப்பல் அதன்மேல் பாய்கிறது. கப்பலுக்கு அடியில் ரம்பம் கட்டியிருந்தார்களாம், அதுதான் சங்கிலியை அறுத்ததாம்.

ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் முஸ்லிம்கள்மேல் படையெடுத்த சிலுவைப் போர்களில் ஐந்தாவதில் அந்த வழியைத் திறந்துவிட்டது தங்கள் ஊர்க் கப்பல்தான் என்பது ஹார்லெம்காரர்களின் பரம்பரைப் பெருமை. ஊர்ச் சின்னத்தில் இருக்கும் வாளும் சிலுவையும்கூட அதற்குக் கிடைத்த பரிசு என்பார்கள். வான் வீரிங்கன் கடலில் போய்ப் பழகியவர். தொங்குகிற இரும்புச் சங்கிலியை ரம்பம் அறுக்குமா அறுக்காதா என்று அவருக்குத் தெரியாதா என்ன!

நடந்தது வேறு. ஆற்றின் நடுவே இருந்த கோபுரத்திலிருந்துதான் சங்கிலியை இழுத்துக் கட்டியிருந்தார்கள். ஒலிவர் என்ற பாதிரியார் யோசனை சொல்ல, இரண்டு கப்பல்களைச் சேர்த்துக் கட்டி, நான்கு பாய்மரம் நட்டு, அதன்மேல் ஏணியும் பாலமும் அமைத்துச் சிலுவைப் போர்க்காரர்கள் கோபுரத்தில் ஏறிப் பிடித்தார்கள், சங்கிலியும் போனது. அது 1218 ஆகஸ்ட். ஆனால் நகரம் விழுந்தது 1219 நவம்பரில்! சங்கிலி போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. உள்ளே போனவர்கள் பார்த்தது பசியிலும் நோயிலும் செத்துக் கிடந்தவர்களைத்தான். ஓவியத்தில் அவர்கள் யாரும் இல்லை. அப்புறம் 1221இல் அந்த ஊரையும் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டியிருந்தது.

பெருமைக்குப் பொய் சேர்ப்பது எல்லா ஊரிலும் உண்டு, அது பரவாயில்லை. எனக்கு உறுத்துவது வேறு. ஸ்பெயினின் ஆட்சியை எதிர்த்து டச்சுக்காரர்கள் கிளர்ந்தபோது, 1572 டிசம்பரிலிருந்து ஏழு மாதம் ஸ்பானியப் படை இதே ஹார்லெமை முற்றுகையிட்டது. மே மாதம் ஹார்லெம் ஏரியில் நடந்த கப்பல் சண்டையில் டச்சுக்காரர்கள் தோற்றதும் சோறு வரும் வழி அடைபட்டது. ஜூலையில் ஊர் சரணடைந்தது. காவல்படையினரை வரிசையாக வெட்டினார்கள், மிச்சமிருந்தவர்களை ஜோடி ஜோடியாகக் கட்டி ஆற்றில் தள்ளினார்கள். வான் வீரிங்கன் அதற்குச் சில வருஷம் கழித்துப் பிறந்தவர். பசித்துக் கிடந்தவர்கள் வாயாலேயே கதை கேட்டு வளர்ந்திருப்பார். அந்த ஊர்க்காரர் ஒரு முற்றுகையை வரையும்போது வெளியே நிற்கிற கப்பல்தான் கண்ணில் படுகிறது, மதிலுக்கு உள்ளே ஒருவர்கூடப் படவில்லை. கை தேர்ந்த ஓவியர்தான், மறுக்கவில்லை. ஆனாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை.

ஹார்லெமின் பெரிய தேவாலயத்தில் இன்றும் இரவு 9 மணிக்கு அரை மணி நேரம் சின்ன மணிகள் அடிக்கின்றன. டாமியெட்டாவிலிருந்து கொண்டுவந்தவை என்று பேர். உண்மையில் ஊர் ஆயர் 1562இல் கொடுத்தவை, ஹார்லெம் முற்றுகைக்குப் பத்து வருஷம் முன்னால்.